எலிகளுக்குத் தெரிந்த ரகசியம்

அத்தியாயம் 6

குளிர்பெட்டியின் கதவைத் திறந்ததும் பூவராகன் தலையை உள்ளே விட்டு ஒவ்வொரு தட்டாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"சார், இது எலிக்குப் போடுற மருந்து. உங்க சுகருக்கு ஒத்துக்காது" என்றாள் சுவாதி.

பூவராகன் திரும்பவில்லை. கைரேகைப் பிரிவில் இருபத்தாறு வருஷம் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறார். நிறுவனத்தின் மொத்த ஊழியர் பட்டாளம் சுவாதிதான். பண்ருட்டிக்காரி. பி.காம். முடித்துவிட்டு, 'ஆறு மாசம் பார்க்கலாம்' என்று வந்து சேர்ந்து நாலு வருஷம் ஓடிவிட்டது.

இவர்கள் நின்றுகொண்டிருந்தது சிதம்பரம் புறவழிச்சாலை ஓரத்தில் இருந்த ஒரு சிறிய தனியார் ஆய்வுக்கூடத்தில். அழைத்தவர் டாக்டர் காயத்ரி. நாற்பது வயதிருக்கும். இரண்டு நாளாகத் தூங்காத முகம்.

"பதினாலு குப்பி காணோம் சார். காணோம்னுகூட எங்களுக்குத் தெரியல. எடுத்துட்டு, அதே மாதிரி குப்பியில தண்ணியை ஊத்தி, பச்சை லேபிள் ஒட்டி அதே எடத்துல வச்சிருக்காங்க. நல்லா இருந்த எலிகளுக்கெல்லாம் திடீர்னு கட்டி வளர ஆரம்பிச்சப்புறம்தான் சந்தேகம் வந்துச்சு. சோதிச்சுப் பார்த்தா வெறும் குழாய்த் தண்ணி."

"என்ன மருந்தும்மா இது?" என்றார் பூவராகன்.

"கையில வெட்டிக்கிட்டா ரத்தம் கொஞ்ச நேரத்துல உறைஞ்சிடுது இல்லையா? அதுக்குன்னே ரத்தத்துல சில புரதங்கள் இருக்கு. காயம் பட்ட எடத்துல நூல் நூலா வலை பின்னி அடைக்கும். புற்றுக்கட்டி அந்த வலையைத் தனக்குன்னு வளைச்சுப் போட்டுக்குது. போர்வை மாதிரி போத்திக்கிட்டு, உடம்போட காவல்படை கண்ணுல படாம ஒளிஞ்சிக்குது. அந்த வலையைப் பிடிச்சிக்கிட்டே வளருது. வேற உறுப்புக்குத் தாவுறப்பவும் அந்தப் போர்வையோடதான் தாவும்."

"நம்ம வீட்டு வாட்ச்மேனே திருடனுக்கு ஏணி பிடிக்கிறான்னு சொல்லுங்க" என்றாள் சுவாதி.

"அப்படித்தான். அந்த ஏணியைப் பிடுங்குற மருந்து இது. மனுஷங்களுக்குப் போடுற நிலைமைக்கு இன்னும் வரல. வர எத்தனை வருஷம் ஆகுமோ."

பூவராகன் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டைக் காட்டினார். "இங்க நீல லேபிள் குப்பி வரிசையா இருக்கே, அதை ஒருத்தரும் தொடலையா?"

"இல்ல. நீலத்துல வெறும் உப்புநீர்தான். ஒப்பிட்டுப் பார்க்க வச்சிருக்கோம். ஆனா பச்சை மருந்து, நீலம் உப்புநீர்ங்கிறது என் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். ஊசி போடுற மாணவர்களுக்குக்கூடச் சொல்லல. என் லேப்டாப்புல பூட்டி வச்சிருக்கேன்."

"திருடனுக்குத் தெரிஞ்சிருக்கே?"

"அதான் சார் எனக்குப் புரியல."

பூவராகன் கதவை மூடினார். "உங்களுக்கு மட்டுமில்லம்மா, எலிக்கும் தெரியும். எந்த லேபிள் ஒட்டின கூண்டுல எலி சாவுது, எதுல ஓடுதுன்னு தினமும் பக்கத்துல நின்னு பார்க்கிறவனுக்கு லேப்டாப் எதுக்கு? இங்க எலிக்குத் தீனி போடுறது யாரு?"

காயத்ரியின் வாய் பாதி திறந்து நின்றது. "பக்கிரி... ஆனா அவர் ரொம்ப நல்ல மனுஷன் சார். எலி செத்தா, எத்தனை மணிக்குச் செத்துதுன்னு நோட்டுல எழுதி வைக்கிற ஒரே ஆள் அவர்தான்."

"நல்ல மனுஷன் திருடினா வேற காரணம் இருக்கும். ஒரு டம்ளர் வெந்நீர் கிடைக்குமா?"

"டீயே சொல்லலாம் சார்" என்றாள் சுவாதி.

"குடிக்க இல்ல."

போலிக் குப்பிகள் பதினாலையும் வெந்நீரில் ஊறவைத்து, லேபிள்களை ஒவ்வொன்றாக உரித்தார். கத்தரிக்கோலால் கவனமாக வெட்டிய பச்சைக் காகிதத் துண்டுகள். எல்லாவற்றையும் ஒரு கண்ணாடித் தட்டில் கவிழ்த்துப் போட்டார். பதினொன்றின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. மூன்றில் மட்டும் பேனா எழுத்து. சுவாதி குனிந்து, துண்டுகளை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பொருத்தினாள்.

"ல்லாயி, வயசு நாப்பத்தாறு" என்று படித்தாள். "கீழ 'கணைய'ன்னு இருக்கு. அதுக்குக் கீழ 'ஹெப்பரின், தினமும் ஒன்று.' சார், இது ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு. பச்சைக் காகிதம் வேணும்னு கையில கிடைச்சதை வெட்டிட்டாரு."

காயத்ரி பணியாளர் பதிவேட்டைக் கொண்டுவந்து பிரித்தார். பக்கிரி. கடலூர் முதுநகருக்குப் பக்கத்துக் குப்பம். மனைவி பெயர், செல்லாயி. திங்கட்கிழமையிலிருந்து விடுப்பு. காரணம், மனைவிக்கு உடல்நலமில்லை.

"உடம்பு சரியில்லன்னு சொன்னார்" என்றார் காயத்ரி. அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. "என்னன்னு நான் கேக்கல."

அடுத்த நொடி அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். "உடனே போகணும் சார். ஹெப்பரினும் ரத்தம் உறையாம இருக்கப் போடுற ஊசிதான். அதுக்கு மேல இந்த மருந்தும் ஏறினா, உள்ளுக்குள்ள எங்கயாவது கசிய ஆரம்பிச்சா, யாராலயும் நிறுத்த முடியாது."

பூவராகனின் பழைய மாருதி சிதம்பரம் எல்லையைத் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியது. ஆலப்பாக்கம் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. சுவாதி ஸ்டியரிங்கை விரல்களால் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"எவ்வளவு நாளா எடுத்திருக்காரு டாக்டர்?"

"எலிகளோட கணக்கை வச்சுப் பார்த்தா ஏழு வாரம். வாரத்துக்கு ரெண்டு."

"ஏழு வாரமா" என்றார் பூவராகன், முன் கண்ணாடி வழியே சாலையைப் பார்த்தபடி. "நீங்க சொல்ற மாதிரின்னா அந்தம்மா மூணாவது வாரத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. உயிரோட இருந்தா அது ஒரு கேள்வி."

சிப்காட் தொழிற்பேட்டையின் ரசாயன வாடை காருக்குள் நுழைந்தது. சுவாதி கண்ணாடியை ஏற்றினாள். காயத்ரி பின் சீட்டில் கைபேசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கிரியின் எண் அடித்து அடித்து ஓய்ந்தது.

துறைமுகத்தைத் தாண்டி, உப்பனாற்றுப் பாலம் இறங்கி, சுனாமிக்குப் பிறகு வரிசையாகக் கட்டிக் கொடுத்த வீடுகளில் ஏழாவது. வலை காயப்போட்டிருந்த வாசலில் பக்கிரியே நின்றிருந்தார். ஒல்லியான மனிதர். காயத்ரியைப் பார்த்ததும் முண்டாசை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். ஓடவில்லை. மறுக்கவுமில்லை.

"வாங்க டாக்டரம்மா. நீங்க வருவீங்கன்னு தெரியும். தண்ணியக் குடுத்த எலிங்க சாவ ஆரம்பிச்சிடுச்சா?"

"பக்கிரி, செல்லாயி எங்க?"

"உள்ளதான். நல்லா இருக்கா. வந்து பாருங்க." அவர் முகத்தில் ஒரு பெருமை வந்தது. "போன மாசம் தண்ணி எறங்கல. இப்ப புதங்கெழமயும் சனிக்கெழமயும் ஊசி போட்டதும் எழுந்து உக்காந்து ரெண்டு வாய் சோறு சாப்புடுறா."

உள்ளே கட்டிலில் ஒரு பெண் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் வெள்ளையும் தோலும் மஞ்சள் பூத்திருந்தன. இடது கால் வலது காலைப்போல ஒன்றரை மடங்கு வீங்கித் தலையணை மேல் கிடந்தது. ஆனாலும் வந்தவர்களைப் பார்த்துச் சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

சுவாதி பூவராகனைப் பார்த்தாள். அவர் பார்வை செல்லாயியின் கையில் நின்றிருந்தது.

"பக்கிரி, காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல. நாலு டீ கிடைக்குமா?"

"இதோ சார், மொனையிலதான் கடை." பக்கிரி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்ததும் பூவராகன் தாழ்ந்த குரலில் கேட்டார். "டாக்டர், அந்தம்மா உடம்பைப் பாருங்க. கையில, வயித்துல எங்கயாவது கன்னிப்போயிருக்கா?"

காயத்ரி பார்த்தார். வயிற்றில் காசளவு சின்னச் சின்ன நீலப் புள்ளிகள்தான். தினமும் போடும் ஹெப்பரின் ஊசியின் தடம். கையில் ஊசி குத்திய இடங்களில் ஒன்றுமே இல்லை. "என் மருந்து ஏறியிருந்தா கை முழுக்க ரத்தம் கட்டியிருக்கணும் சார். இது ஏறவே இல்ல!"

"ஊசி போடுறது யாரும்மா?" என்று பூவராகன் செல்லாயியிடம் கேட்டார்.

"பக்கத்து வூட்டு வினோதினி. டவுன்ல ஆஸ்பத்திரில நர்ஸா இருக்குது."

வினோதினி பின்பக்கக் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கலாம். பூவராகன் அவள் எதிரே நின்று, எந்த முன்னுரையும் இல்லாமல் கேட்டார்.

"பதினாலு குப்பியையும் எங்கம்மா வச்சிருக்க?"

கையிலிருந்த துணி வாளிக்குள் விழுந்தது. அவள் காயத்ரியைப் பார்த்தாள், அப்புறம் தெருவைப் பார்த்தாள். "மெதுவா பேசுங்க சார். பக்கிரி அண்ணன் காதுல விழுந்துடப்போவுது."

அவள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில், இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால், ஒரு ஹார்லிக்ஸ் அட்டைப்பெட்டி. அதற்குள் பதினாலு பச்சை லேபிள் குப்பிகள். ஒன்றின் மூடிகூடத் திறக்கப்படவில்லை.

"பேரு தெரியாத மருந்தை நான் எப்படிக்கா போடுவேன்?" என்றாள் சுவாதியிடம். "அதுவும் அண்ணிக்கு ரத்தம் உறையாத ஊசி தினம் நான்தான் போடுறேன். முடியாதுன்னு சொன்னேன். அண்ணன் என் கால்ல வுழ வந்துட்டாரு. நான் போடலன்னா அவுரே குத்திடுவாரு. எலிக்கு எப்படிப் போடுறாங்கன்னு பாத்து வச்சிருக்காரு. அதான் வாங்கி வச்சுக்கிட்டு, ஆஸ்பத்திரி உப்புத்தண்ணிய ஏத்திட்டு வந்துடுறேன்."

காயத்ரி சுவரில் சாய்ந்துகொண்டார். "நீ அந்தம்மாவைக் காப்பாத்தியிருக்க."

"காப்பாத்தலம்மா. பெரிய டாக்டரு என்னாண்ட சொல்லிட்டாரு. ஈரல்ல முழுக்கப் பரவிடுச்சு. தீபாவளி தாண்டாதுன்னு."

தீபாவளிக்குப் பதினேழு நாள் இருந்தது.

"பக்கிரிகிட்ட இதை இப்ப சொல்ல வேணாம்" என்றார் பூவராகன். பெட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கார்ப் பக்கம் போனார். காயத்ரி வினோதினியிடம் மருத்துவச் சீட்டுகளை வாங்கிப் பார்க்க ஆரம்பித்தார்.

சுவாதி மட்டும் கட்டிலருகே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எதையாவது பேச வேண்டுமே என்று, "உங்க வீட்டுக்காரர் டீ வாங்கப் போனாரா, டீத்தூள் பறிக்கப் போனாரான்னு தெரியலக்கா" என்றாள்.

செல்லாயி சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கியது. மூச்சு நிதானப்பட்டதும் சொன்னாள்.

"அந்தப் பொண்ணு மேல கேஸு ஒண்ணும் போடாதீங்க பாப்பா."

"எந்தப் பொண்ணு?"

"வினோதினி. என்னா போடுதுன்னு எனக்குத் தெரியும். ரெண்டாவது வாரமே கேட்டுட்டேன். அழுதுட்டு உப்புத்தண்ணின்னு சொல்லிடிச்சு. நாந்தான், பரவால்ல, தொடர்ந்து போடுன்னேன்."

சுவாதிக்கு விளங்கவில்லை. "எதுக்குக்கா? ஊசி வலிக்குமே."

"வலிக்குந்தான். ஆனா ஊசி போட்ட அன்னிக்கி மட்டுந்தான் அவுரு சாப்புடுறாரு. மத்த நாளெல்லாம் தட்டுல கைய வச்சிக்கினு என்னையே பாத்துக்கினு கெடக்கும் அந்த மனுசன். நான் கண்ண மூடிக்கினு ரெண்டு வாய் முழுங்கிட்டன்னா, மருந்து வேல செய்யுதுன்னு அவுரு நாலு வாய் சாப்புடுவாரு. அப்புறம் நான் வாந்தி எடுக்குறது அவுருக்குத் தெரியாது. வினோதினி பாத்துக்கும்." அவள் கை சுவாதியின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. "அவுருகிட்ட சொல்லிடாத கண்ணு."

வாசலில் தூக்குவாளி வைக்கும் சத்தம் கேட்டது. சுவாதி எழுந்து போய் நாலு டம்ளரில் டீயை ஊற்றினாள்.

பக்கிரி டீயைத் தொடவில்லை. வாசலில் காயத்ரியின் எதிரே தரையில் குந்தினார்.

"டாக்டரம்மா, செஞ்சது தப்புதான். போலீசுல குடுங்க, நான் வாரேன். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்த மருந்த மட்டும் அவளுக்கு இல்லன்னுடாதீங்க. நாலு வருசமா அதுங்களுக்குத் தீனி போடுறேன். நீலக் கூண்டுல ஒண்ணுகூட ரெண்டு மாசம் தாண்டல. பச்சையில அஞ்சாம் நம்பரும் ஒம்பதாம் நம்பரும் இன்னிக்கும் ஓடுதுங்க. என் கண்ணால பாத்தேன். எலி பொழைக்கிற மருந்துல மனுசி பொழைக்கக் கூடாதா?"

காயத்ரி பூவராகனைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். காயத்ரியும் தரையில் உட்கார்ந்தார்.

"பக்கிரி, அந்த எலிங்களுக்கு மருந்தை எப்ப ஆரம்பிச்சோம் தெரியுமா?"

"கட்டி வந்தப்புறம்..."

"இல்ல. கட்டியை வைக்கிறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே. அது ஊசி போடுற நோட்டுல இருக்கும். உங்க நோட்டுல தீனியும் சாவும் மட்டும்தான். முன்னாடியே குடுத்தா, கட்டிக்குப் பிடிச்சு வளர வலையே கிடைக்காது. அதனாலதான் அஞ்சும் ஒம்பதும் பொழைச்சுது. கட்டி வளந்து பரவினதுக்கு அப்புறமும் குடுத்துப் பார்த்தோம். அந்த எலிங்க அடுத்த அறையில இருந்துச்சு. நீங்க பார்த்ததில்ல."

"அதுங்க?"

"ஒண்ணும் பொழைக்கல."

பக்கிரி கையிலிருந்த முண்டாசுத் துணியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார்.

"தை மாசம் இவளுக்குக் கால் வீங்குச்சு" என்றார். "மீன் கூடை தூக்குற கால், வீங்காம என்னா செய்யும்னு தைலம் தேச்சேன். வைகாசி வரைக்கும் தேச்சேன். அப்பவே உள்ள இருந்துச்சா?"

"காரணமில்லாம கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறையுறது சில சமயம் அதோட முதல் அறிகுறி. அப்பவே இருந்திருக்கலாம்."

"அப்ப காட்டியிருந்தா?"

"தெரியல பக்கிரி. சத்தியமா தெரியல."

சுவாதி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வழக்கு முடிந்துவிட்டது. திருடியவன் கிடைத்துவிட்டான், பொருளும் கிடைத்துவிட்டது. பொருள் யாருக்கும் உதவப்போவதில்லை.

பக்கிரி எழுந்தார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். உள்ளே போகும்போது அவர் குரல் மாறியிருந்தது, துறைமுகத்தில் ஏலம் கூவுகிறவர்போல உரத்து ஒலித்தது.

"செல்லாயி, பாத்தியா! டாக்டரம்மாவே நேர்ல வந்து பாத்துட்டுச் சொல்லிட்டாங்க. மருந்து நல்லாப் புடிச்சிருக்காம். இன்னிக்கி புதன்ல? வினோதினி, ஊசிய எடுத்தாம்மா."

"பின்ன, எனக்குத் தெரியல?" என்றாள் செல்லாயி உள்ளிருந்து. "நேத்தவிட இன்னிக்கி வலி ரொம்பக் கொறச்சல்."

வினோதினி ஊசியோடு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் சோற்றுத் தட்டு வைக்கும் ஓசை கேட்டது. பூவராகன் கார்ச் சாவியை எடுத்தார். மூவரும் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பினார்கள்.

காயத்ரி நிர்வாகத்திடம், குப்பிகள் தன் கவனக்குறைவால் வீணாகிவிட்டதாக எழுதிக் கொடுத்தார். தண்ணீர் கலந்த பரிசோதனை செல்லாது என்று நாலு வருஷ வேலையை நிறுத்திவைத்தார்கள். பக்கிரி தானாகவே வேலையை விட்டு நின்றார். போலீஸுக்கு யாரும் போகவில்லை.

செல்லாயி பன்னிரண்டாம் நாள் காலையில் இறந்துபோனாள். காரியம் முடிந்த மறுநாள் வினோதினி மஞ்சக்குப்பம் ஆபீசுக்குப் போன் செய்தாள். சுவாதி எடுத்தாள்.

"கடைசி சனிக்கெழம வரைக்கும் ஊசி போட்டேன்க்கா. அண்ணிதான் விடல." கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினாள். "நேத்து அண்ணன் என்னைத் தனியாக் கூப்ட்டாரு. அன்னிக்கி சார் டப்பாவை கார்ல வைக்கிறப்ப துண்டு நழுவி மூடி தொறந்துக்கிச்சாம். டீக்கடைலேர்ந்து வந்தவுரு பாத்துட்டாரு. பதினாலும் அப்படியே இருந்ததையும் எண்ணியிருக்காரு."

சுவாதி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "உன்னைத் திட்டினாரா?"

"இல்லக்கா. ஒண்ணுதான் கேட்டாரு. 'வெறும் உப்புத்தண்ணிதான் ஏறுதுன்னு அவளுக்குக் கடைசி வரைக்கும் தெரியாதில்ல?'ன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"தெரியாதுண்ணேன்னு சொல்லிட்டேன்."